மஞ்சள் கோடு

அண்ணன் ஒரு கார் கம்பெனியில் எஞ்சின் பூட்டும் ஃபிட்டர். அதன் பரம வைரியான இன்னொரு கம்பெனியில் தம்பிக்கும் அதே வேலை. "உங்க வண்டிக்கு ஹாரன் எதுக்கு? எஞ்சினே ஊரைக் கூட்டுதே" என்று அண்ணனைச் சீண்டாமல் தம்பிக்குச் சோறு இறங்காது. தம்பியின் எஞ்சின் பிரிவு வேலைநிறுத்தத்தில் இறங்கியதும் அந்தக் கேலி நின்றுபோயிற்று.

எஞ்சின் இல்லாமல் கார் ஏது என்பது சங்கத்தின் துணிச்சல். ஆனால் வாசல் வழியாகப் புதுக் கார்கள் வந்துகொண்டே இருந்தன. பழைய இருப்பு தீரட்டும் என்று தம்பி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். இதற்கிடையில் அண்ணனுக்கு இரட்டை ஷிப்ட் வாய்த்தது. எதிராளி படுத்துவிட்டான், இனிச் சந்தை நமதே என்றார் சூப்பர்வைசர். அந்தக் கூடுதல் கூலியில்தான் தம்பி வீட்டு அடுப்பும் எரிந்தது.

ஒரு இரவு, இரண்டாம் ஷிப்ட் முடிந்து வரும் வழியில், தம்பியின் கம்பெனிப் புதுக் கார் ஒன்று எஞ்சின் மூடியைத் திறந்துகொண்டு சாலையோர விளக்கடியில் நின்றது. தொழில் புத்தி அண்ணனைக் குனிந்து பார்க்க வைத்தது. போல்ட்டை முடுக்கியதும் அதன்மேல் பெயின்டால் ஒரு கோடு இழுப்பது ஃபிட்டர்களின் வழக்கம். இந்த எஞ்சினில் இருந்த மஞ்சள் கோடுகள் ஒவ்வொன்றும் நுனியில் இடப்பக்கம் வளைந்திருந்தன. அப்படி வளைக்கும் கை அண்ணனுடையது மட்டுமே.

தான் பூட்டிய எஞ்சின் அந்தக் காருக்குள் எப்படி என்று மறுநாள் கேட்டபோது சூப்பர்வைசர் மறுக்கவில்லை. அவன் திகைத்ததில்தான் அவருக்கு வியப்பு.

"இது தாத்தா காலத்துச் சங்கதிப்பா. ரெண்டு முதலாளி வீட்டுப் பெரியவங்களும் ஒரே கொட்டகையில கூட்டாளியா ஆரம்பிச்சவங்க. சண்டையெல்லாம் விளம்பரத்துலதான். ஒருத்தருக்குக் கை முடங்கினா இன்னொருத்தர் எஞ்சின் குடுக்கணும், அவ்வளவுதான்."

வாயை மூடிக்கொண்டால் இரண்டு வீட்டிலும் உலை கொதிக்கும். அண்ணன் அன்றைய இரண்டாம் ஷிப்டுக்குப் போகாமல், தம்பியின் தொழிற்சாலை வாசலில் போட்டிருந்த வேலைநிறுத்தப் பந்தலுக்குப் போனான். ஒன்றையும் மறைக்காமல் சொன்னான்.

தம்பி முதலில் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

"நேத்தும் ரெண்டாவது ஷிப்ட் பாத்தியா?"

"பாத்தேன்டா."

"எங்களுக்காகப் போறேன்னு என் பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டுப் போனே."

எஞ்சின் எங்கே போகிறது என்று தனக்குத் தெரியாது என்றான் அண்ணன். அந்தச் சொல் அவனுக்கே போதவில்லை.

தம்பி எழுந்து ஒலிவாங்கியை எடுத்தான். உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேருக்கு அண்ணனை வீட்டு மனிதராகவே தெரியும்.

"எதிர்க் கம்பெனி ஃபிட்டர் ஒருத்தர் ஏதோ சொல்லணுமாம்" என்றான், முகத்தைப் பார்க்காமல் ஒலிவாங்கியை நீட்டியபடி.

அண்ணன் அதை வாங்கிக்கொண்டான்.