விறகுக் கொட்டகையில் ரதி

தடதடவென்று எதுவோ சரிந்த சத்தத்தில் வீரம்மாவின் கையிலிருந்த அகப்பை அண்டாவுக்குள்ளேயே விழுந்தது. தொடர்ந்து ஓர் அலறல். விறகுக் கொட்டகையிலிருந்துதான்.

இன்னும் விடியவில்லை. மாசிப் பனி சமையல்கட்டு ஜன்னலை வெள்ளையடித்திருந்தது. விடுதி முழுவதற்கும் தேத்தண்ணிக்கு உலை ஏற்றி, தேங்காய் துருவி, ரொட்டிக்கு மாப் பிசைந்ததில் தோள்பட்டை இற்றுப்போயிருந்தது. போட்டது போட்டபடி ஓடினாள் வீரம்மா.

கூரை முட்ட அடுக்கியிருந்த சவுக்குக் கட்டைகள் சரிந்து கிடந்தன. கீழே ஒரு பாய். பாயில் வினோதா. இடது கை கட்டைக்கு அடியில். வீரம்மாவும் கூடச் சமைக்கும் நாகலெட்சுமியும் தம் பிடித்துக் கட்டையைப் புரட்டினார்கள். இரண்டு விரல்கள் நீலம் பாரித்து வீங்கியிருந்தன.

"பல்லக் கடிச்சுக்கம்மா. இந்தா, ஆயிருச்சு," என்றாள் வீரம்மா.

இலங்கை மலையகத்தில், றொசல்ல ரயில் ஸ்டேஷனுக்கு மேலே இருந்த அந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. கிரிக்கெட் மட்டைகளுக்கு ஓர் அறை. சரஸ்வதி பூசை ஜோடனைகளுக்கு ஓர் அறை. வருஷத்தில் ஒரு நாள் வந்துபோகும் அமைச்சருக்கு, வெந்நீர்க் குழாய் வைத்த விருந்தினர் அறை. வினோதாவுக்கு மட்டும்தான் இடமில்லை.

டயகமத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் காளியாயியின் மூத்த பிள்ளை அவள். மகன் என்று பதிந்தார்கள், மகளாகத்தான் வளர்ந்தாள். ஆசிரியையாகப் படிக்க வந்தவளை ஆண்கள் விடுதியில் போட்டார்கள். அங்கே சட்டையைக் கிழித்தார்கள். பெண்கள் விடுதியென்றால் மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் சம்மதிக்கமாட்டார்கள் என்றார் கல்லூரி முதல்வரான அதிபர் தம்பிஐயா. யோசித்து யோசித்துக் கடைசியில் விறகுக் கொட்டகையில் பாய் போட்டுக் கொடுத்து, 'விசேஷ ஏற்பாடு' என்று அதற்கு ஒரு பெயரும் வைத்தார். குளிக்க, ஆள் எழும்புமுன், மலையூற்றிலிருந்து பீலிக் குழாயில் விழும் விறைக்கும் தண்ணீர். பெயர் வைப்பதில் மட்டும் இந்தப் படித்த மனிதர்களுக்கு ஒரு குறையும் கிடையாது.

அதிபர் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு வந்தார். கையைப் பார்த்தார். கேட்டது இவ்வளவுதான்:

"பின்னேர நிகழ்ச்சிக்கு ஏலுமோ?"

அன்று கலைவிழா. அமைச்சர் வருகிறார். மன்மதன் எரியும் காமன் கூத்து, வினோதாதான் ரதி. போன வருஷம் அவள் ஆடித்தான் கல்லூரிக்கு மாகாணப் பரிசு கிடைத்தது. சேலையும் கிரீடமுமாக அவள் நிற்கும் படம் அதிபரின் நாற்காலிக்கு நேர் மேலே தொங்குகிறது. தோட்டங்களில் ரதி வேஷம் கட்டியவரை ஆடி முடியும்வரை தெய்வமாகக் கும்பிடுவார்கள். அமைச்சர் பார்க்க அதிபரும் மேடையேறி, மாலை போட்டு, கும்பிட்டவர்தான்.

"கட்டுப் போட்டுச் சேலைத் தலைப்பாலை மூடிவிட்டாத் தெரியாது," என்றார். "ஆடி முடிச்சிட்டு நாளைக்குப் பெடியன் வீட்டை போகட்டும். இனிப் படுக்க இஞ்சை இடமில்லை." அவருக்கு அவள் எப்போதும் பையன்தான்.

"பரீட்ச வருது சார்," என்றாள் வினோதா. "போனா திரும்பச் சேப்பீங்களா?"

"அதை மேலிடம் தீர்மானிக்கும்."

மேலிடம்! தோட்டத்தில் ஆளை வேலையிலிருந்து நிறுத்தும்போது மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு பாடும் அதே ராகம். வீரம்மாவின் புருஷனை நிறுத்தியதும் அந்த மேலிடம்தான்.

"பொம்பளப் புள்ளைங்க விடுதியில ஒரு எடம் குடுத்தா என்னங்க சார்?"

"நீ உன்ரை அடுப்பைப் பார். தற்காலிக ஆள் எண்டது ஞாபகமிருக்கட்டும்."

அடுப்பைப் பார்த்தாள் வீரம்மா. பகல் முழுக்க அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்னேரம் தோட்டத்து லயக் குடியிருப்பிலிருந்து, கூத்துக்கு அடிக்கத் தப்புக்காரர்கள் வந்தார்கள். பனியில் தப்புத் தோல் தளர்ந்துபோகும். நெருப்பில் வாட்டினால்தான் முழங்கும். வழக்கம்போல மற்றத் தப்புக்காரர்களோடு சமையல்கட்டுக்கு வந்த சோலைமலை, துணி சுற்றிய கையோடு படியில் உட்கார்ந்திருந்த வினோதாவைக் கண்டு நின்றான். மடித்த ரதிச் சேலை பக்கத்தில் கிடந்தது.

"என்ன தாயி, இன்னும் வேஷம் கட்டலையா?"

"கட்டப் போறதில்லண்ணே. மேடையில கும்புடுறாங்க, எறங்குனா வெறகோட போடுறாங்க. இன்னிக்கி ஆடுனா நாளைக்கி வெளிய."

"அப்ப அடுப்பும் கெடையாது," என்றாள் வீரம்மா. வாளித் தண்ணீரைத் தூக்கி அடுப்பில் ஊற்றினாள். புஸ்ஸென்று சாம்பலும் புகையும் கிளம்பின. நாகலெட்சுமி தன் பங்குக்கு அடுத்த அடுப்பையும் அணைத்தாள்.

சோலைமலை வினோதாவின் கையைப் பார்த்தான். பிறகு தப்பைத் தரையில் குப்புற வைத்தான். மற்றவர்களும் வைத்தார்கள்.

அதிபர் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார்.

"அமைச்சரின்ரை வாகனம் கினிகத்தேனை தாண்டி எவ்வளவு நேரமாச்சு! தேத்தண்ணியும் இல்லை, மேளமும் இல்லை. என்ன கூத்து இது?"

"கூத்து இனிமேத்தான் சார்," என்றாள் வீரம்மா. "வினோதாவுக்கு விடுதியில கட்டில் வேணும். பரீட்ச எழுதாம அவ போகமாட்டா."

"பெற்றோர் விடமாட்டினம் எண்டு எத்தினை தரம் சொல்லுறது?"

"எந்தப் பெத்தவங்க?" என்று முன்னால் வந்தான் சோலைமலை. "எம்மவ ஊர்மிளா அங்கதான் படுக்குறா. எங்கிட்ட எவன் வந்து கேட்டான்?"

"எல்லாரையும் நிப்பாட்டிப்போடுவன்!"

"நிப்பாட்டுங்க. எரியிற அடுப்ப நாங்களே நிப்பாட்டிட்டோம், இனி என்னத்த நிப்பாட்டப் போறீங்க?" என்றாள் நாகலெட்சுமி.

"தேத்தண்ணியும் மேளமும் இல்லாமல் அமைச்சரை நான் எங்கை இருத்துறது?" என்றார் அதிபர்.

"கொட்டகையில இருத்துங்க," என்றாள் வீரம்மா. "விசேஷ ஏற்பாடுன்னு சொல்லுங்க. பாய் அங்கயேதான் கெடக்கு."

தப்புக்காரர்கள் சிரித்தார்கள். வலியை மறந்து வினோதாவும் சிரித்துவிட்டாள்.

அதிபர் கடைசிப் பொய்யை வெளியே எடுத்தார். "பெற்றோர் விட்டாலும் அந்தப் பொம்பிளைப் பிள்ளையள் பயப்படுதுகள். அதுகளை நான் பாக்க வேணும்தானே?"

கீழே வளைவில் அமைச்சரின் வாகனம் ஹார்ன் அடித்தது. அதே நேரம் விடுதிப் படிகளில் திமுதிமுவென்று காலடிச் சத்தம். முன்னால் ஊர்மிளா, பின்னால் விடுதிப் பிள்ளைகள். அவள் அதிபரைத் தாண்டிக் கொட்டகைக்குள் போய், வினோதாவின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"பயமா? எங்க ரூம்ல ஒரு கட்டில் காலியா கெடக்கு, அக்காவ அனுப்புங்கன்னு போன மாசமே ஒங்க ஆபீசுக்கு வந்து சொன்னோமே சார். வெளிய சொன்னா பரீட்ச எழுத விடமாட்டேன்னீங்க. இப்ப எல்லாருக்கும் கேக்குற மாதிரி வெளியதான் சொல்றோம்."