வரைபடத்தில் காணாமல் போன கார்

அன்று தூறல் விழுந்ததா, வெறும் மப்பு மட்டும்தானா என்று இப்போது அடித்துச் சொல்ல முடியவில்லை. தூறல் என்றுதான் ஞாபகம். ஓட்டுநரின் சட்டை தோள்பக்கம் நனைந்திருந்தது என்று மகள் ஒருமுறை சொன்னாள். இன்னொருமுறை கேட்டபோது அது வியர்வையாகவும் இருக்கலாம் என்றாள். இப்படி ஒன்றிரண்டு விஷயங்களில் முன்னே பின்னே இருக்கலாம். மற்றபடி நடந்தது இதுதான்.

அம்மாவுக்கு வேலை, செயலி வழியாகக் கார் அனுப்பும் ஒரு நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவில். நீளமான அறை, தடுப்பு வைத்த மேசைகள், காதில் எந்நேரமும் ஹெட்போன். வேலை முடிந்து கழற்றினாலும் காதோரம் அழுத்தின தடம் படுக்கப் போகும்வரை இருக்கும். வளரும் பிள்ளைகள் தனியாகக் காரில் போக அந்த நிறுவனம் ஒரு வசதி செய்திருந்தது. பிள்ளையின் கணக்கைப் பெற்றோர் கணக்கோடு இணைத்துவிட்டால், வண்டி போகும் வழியெல்லாம் பெற்றோரின் போனில் ஒரு குட்டிக் கார் படமாக ஊர்ந்துகொண்டே இருக்கும். அது ஊர்வதை நிறுத்தினால் பெற்றவர்களுக்கு மூச்சு நின்றுவிடும். உடனே அம்மாவின் ஹெட்போனில் மணி அடிக்கும்.

"வண்டி நின்னுடுச்சுங்க. என் பொண்ணு உள்ள இருக்கா."

"பொண்ணுகிட்டப் பேசினீங்களா?"

பாதிப் பேர் பேசியிருக்க மாட்டார்கள். பிள்ளையிடம் கேட்பதற்கு முன்னால் உலகத்திடம் எல்லாம் கேட்டு முடித்திருப்பார்கள். பிரிவின் முறை என்னவென்றால், முதலில் பிள்ளைக்குப் போன் செய்ய வேண்டும், அப்புறம் ஓட்டுநருக்கு. இருவருமே எடுக்காவிட்டால்தான் ஓட்டுநரின் கணக்கை முடக்கும் சிவப்புப் பொத்தான் மேல் கை போகலாம். இன்னொன்று, தங்கள் உறவினர் யாராவது போகிற வண்டியின் கணக்கை ஊழியர்கள் தொடவே கூடாது.

பக்கத்து மேசைக்காரிக்கு வானொலி என்று பட்டப்பெயர். வாய் மூடாது. "இந்த 'பேசினீங்களா'வ ஒரு தடவ பதிவு பண்ணி ஓட விட்டுட்டு நாம ரெண்டு பேரும் வீட்ல போய்த் தூங்கலாம்டி" என்பாள். அம்மா சிரிப்பாள். தூக்கம் என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்குக் கொட்டாவி வந்துவிடும்.

அவளும் கணவனும் பிரிந்து வாழ ஆரம்பித்துச் சில காலம் ஆகியிருந்தது. பெரிய சண்டை சச்சரவு எதுவும் இல்லை. சோப்பு கரைவது போலக் கரைந்து, ஒருநாள் கையில் எதுவும் மிஞ்சவில்லை. மகள் வாரநாட்களில் அம்மாவிடம், சனி ஞாயிறு அப்பாவிடம். முதலில் அவரே வந்து கூட்டிப் போனார். வாசலில் நின்று இருவரும் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் பற்றிப் பேசுவார்கள், அது ஓடினாலும் ஓடாவிட்டாலும். மகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இருவருக்கும் நடுவில் நிற்பாள். பிறகுதான் அவள் கேட்டாள், தனியாகப் போகிறேன் என்று.

"நாள் பூரா ஊரான் வீட்டுப் பிள்ளைங்கள எல்லாம் வண்டியில அனுப்புற. என்னைய மட்டும் அனுப்ப மாட்டேங்கற."

"அனுப்புறவளுக்குத்தான்டி தெரியும், என்னென்ன போன் வருதுன்னு."

"ஒரே ஒரு தடவ ஏதாவது தப்பா நடந்தா நானே விட்டுடறேன். அப்புறம் கேக்கவே மாட்டேன். போதுமா?"

அம்மா கொட்டாவியை அடக்கிக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்லவும் தெம்பு வேண்டுமே. கடைசியில் போனை நீட்டினாள், மகளே கணக்கை இணைத்துக்கொண்டாள், பிறகு அப்பாவின் போனிலும்.

சில வாரங்கள் ஒரு குறையும் இல்லாமல் போயின. பெரும்பாலும் ஒரே ஓட்டுநர்தான் வந்தார். தலை நரைத்தவர், அதிகம் பேசாதவர். மகள் அவரை அங்கிள் என்பாள். போய்ச் சேர்ந்ததும் அப்பா கேட்பார், "அம்மா என்ன சொன்னா? ராத்திரி தூங்கறாளா?" திரும்பி வந்ததும் அம்மா கேட்பாள், "அங்க யார் யார் வந்தா? அப்பா ஏதாவது சொன்னாரா?" மகள் இரண்டு வீட்டுக்கும் ஒரே பதில் வைத்திருந்தாள். "ஒண்ணுமில்ல."

அந்தச் சனிக்கிழமை மாலை அம்மாவுக்கு வேலை இருந்தது. மேசையில் கணினிக்குப் பக்கத்தில் அவளுடைய போன் சாய்ந்து நின்றது. அதில் குட்டிக் கார் பாலத்தைத் தாண்டியது, மைதானத்துச் சுற்றுச்சுவர் ஓரமாக வந்தது, நின்றது.

சிக்னலாக இருக்கும் என்று நினைத்தாள். அந்த இடத்தில் சிக்னல் கிடையாது. நெரிசலாக இருக்கும். தெருவில் நெரிசல் என்றால் வரைபடத்தில் சிவப்பாகக் காட்டும், காட்டவில்லை. ஒரு அழைப்பை எடுத்துப் பேசி முடித்துவிட்டுப் பார்த்தாள். கார் நின்ற இடத்திலேயே நின்றது. இத்தனை காலம் அவள் காதில் அழுத அத்தனை அம்மாக்களும் ஒரே நேரத்தில் அழ ஆரம்பித்த மாதிரி இருந்தது.

கை தானாகப் போயிற்று. அலுவலகக் கணினியில் அந்த வண்டியின் எண்ணைத் தட்டினாள். ஓட்டுநருக்கு அழைத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தாள். மறுபடியும் ஓய்ந்தது. சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

போனில் இருந்த கார் மறைந்தது.

வரைபடம் இருந்தது, பாலம் இருந்தது, மைதானம் ஒரு பச்சைக் கட்டமாக இருந்தது. கார் மட்டும் இல்லை. ஓட்டுநரின் கணக்கை முடக்கினால் பயணம் முடிந்துவிட்டதாக ஆகிவிடும். முடிந்துபோன பயணத்தை யாருக்கும் காட்ட மாட்டார்கள். இது அவளுக்குத் தெரியாததா? எத்தனையோ பேரிடம், "வண்டிய முடக்கியாச்சுங்க, கவலைப்படாதீங்க" என்று சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டுவிட்டுப் போனைப் பார்த்தவர்கள் எதைப் பார்த்திருப்பார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

போன் அடித்தது. மகளின் அப்பா.

"கார் காணோமே. திடீர்னு மாயமாப் போச்சு. உனக்குத் தெரியுதா?"

"நான்தான் முடக்கினேன்."

"என்னது?"

"வண்டி நின்னுது. டிரைவர் எடுக்கல. முடக்கிட்டேன்."

"முடக்கிட்டியா? இப்ப அவ எங்க?"

இருவரும் போனை வைக்கவில்லை. வைத்தால் அந்தப் பக்கமும் அறுந்துவிடும் என்பது போலப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் மூச்சு விடுவது இவளுக்குக் கேட்டது. ஒரே வீட்டில் இருந்த கடைசி நாட்களில்கூட இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. நடுவில் போன் ஓரிருமுறை பீப் என்றது. அவள் காதில் அது விழுந்தது, மனதில் விழவில்லை. வானொலி எட்டிப் பார்த்துவிட்டு, முதல்முறையாக வாயை மூடிக்கொண்டாள்.

அந்தப் பக்கம் அழைப்புமணி ஒலித்தது.

"வந்துட்டா," என்றார் அவர்.

அம்மா பாதி வேலையில் எழுந்து ஆட்டோ பிடித்து அவர் வீட்டுக்குப் போனாள். வாசலில் கார் நின்றிருந்தது. ஓட்டுநர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மேடம். பாப்பாவோட அம்மாங்களா? என்னன்னே தெரியல, திடீர்னு கணக்க முடக்கிட்டாங்க. பயணம் முடிஞ்சுது, பயணிய இறக்கிவிடுன்னு காட்டுது. ரோட்டுல ஒரு பொண்ண எப்படிங்க இறக்கிவிடறது? அதான் கொண்டாந்து விட்டேன்."

அம்மா மகளைப் பார்த்தாள். மகள் படியில் உட்கார்ந்திருந்தாள், மடியில் பை.

"எதுக்குடி வண்டி நின்னுது?"

"நான்தான் நிறுத்தச் சொன்னேன்."

"எதுக்கு?"

"சும்மா." கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தாள். "இங்க வந்தா அப்பா கேப்பாரு. அங்க வந்தா நீ கேப்ப. கொஞ்ச நேரம் யாரும் எதுவும் கேக்காம உக்காரணும்னு இருந்துச்சு. அங்கிள்கிட்டச் சொன்னேன். அவரு கதவத் தெறந்து வச்சுட்டு வெளிய தள்ளிப் போய் நின்னுக்கிட்டாரு. அவரு போன் வண்டிக்குள்ள அடிச்சுச்சு. அடுத்தவங்க போன நான் எப்படி எடுப்பேன்?"

உள்ளே மின்விசிறி சுற்றும் சத்தம் வந்தது.

"என் போன் கையிலதான்மா இருந்துச்சு. நீ ஏன் எனக்குப் பண்ணல?"

நாள் முழுக்க அவள் மற்றவர்களிடம் கேட்கிற கேள்வி. இப்படித்தான் ஒலிக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"வண்டிய முடக்கிட்டாங்கன்னு தெரிஞ்சதும் நான் பண்ணேன். உனக்கும் பிஸி. அப்பாவுக்கும் பிஸி. ரெண்டு பேரும் யாருகிட்டப் பேசிட்டிருந்தீங்க?"

அப்பா கதவு நிலையில் சாய்ந்து நின்றார். அம்மா ஓட்டுநர் பக்கம் திரும்பினாள்.

"உங்க கணக்க முடக்கினது நான்தாங்க. கம்பெனியோட பாதுகாப்புப் பிரிவுலதான் எனக்கு வேலை."

அவர் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலாம்.

"எப்ப மறுபடி விடுவாங்க?"

"விசாரிச்ச பிறகுதான். நான் போய்ச் சொல்லிடறேன்."

"சொல்லுங்க மேடம். வீட்ல எனக்கும் ரெண்டு பொண்ணு," என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். அதை அவர் எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று அம்மா பல இரவுகள் யோசித்தாள்.

கார் போனதும் மகள் எழுந்தாள். "சொன்னேன்ல, ஒரு தடவ தப்பா நடந்தா விட்டுடறேன்னு. விட்டுட்டேன்."

"தப்பு உன் மேல இல்லடி."

"யார் மேலன்னு நாம பேசிக்கவே இல்லையேம்மா."

திங்கட்கிழமை காலை அம்மா மேலாளரிடம் போய் நின்றாள். நேரம் பார்த்தே வாழ்கிற அவருக்குக் கடிகாரம் என்று பெயர்.

"சொந்தப் பொண்ணு போற வண்டியா? தொடக் கூடாதுன்னு தெரியாது?"

"தெரியும் சார்."

"பொண்ணுக்காவது முதல்ல போன் பண்ணீங்களா?"

"இல்ல சார்."

கடிகாரம் நிமிர்ந்து பார்த்தார். அவரே அன்று மணி பார்க்க மறந்தார்.

ஓட்டுநரின் கணக்கைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்குள் அவர் ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டப் போய்விட்டார், திரும்பி வரவில்லை. அம்மாவை வேலையை விட்டு அனுப்பவில்லை. வண்டிகளில் மறந்துவிட்டுப் போகும் குடைக்கும் கண்ணாடிக்கும் பதில் சொல்லும் பிரிவுக்கு மாற்றினார்கள். வானொலி அவளுடைய பழைய மேசையில் உட்கார்ந்திருக்கிறாள். அப்பா மறுபடி சனிக்கிழமைகளில் தானே வர ஆரம்பித்தார்; வாசலில் தண்ணீர் மோட்டார் பற்றிய பேச்சு இல்லை, இருவரும் சும்மா நின்றார்கள். மகள் அவரோடு போய்க்கொண்டிருந்தாள். பள்ளி முடிந்து வெளியூரில் படிக்கப் போனாள். இப்போது பேருந்தில் வருகிறாள். எங்கே வந்துகொண்டிருக்கிறாள் என்று யாருடைய போனிலும் தெரிவதில்லை.