எட்டு மீட்டர் அறுபது

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு தெருவைத் தப்பாக அளந்தேன். அந்தத் தப்பால் என் தோழி துளசிக்குக் கிடைத்த வேலை போகப்போகிறது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: கோபுர நிழல் விழும் அந்தத் தெருவில்...

[அடித்துவிட்டேன். அந்தத் தெருவில் கோபுர நிழல் விழாது. பொரித்த கோழி விற்கும் கடை ஒன்று வருவதாக இருந்தது. இருபத்திரண்டு பேருக்கு வேலை.]

2

துளசி ஐயம்பேட்டைக்காரி. வேலை பார்த்த செல்போன் கம்பெனிக்குப் போக வரவே நாலு மணி நேரம் பஸ். மகள் விழித்திருக்கும்போது அவள் வீட்டில் இருப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும். கோழிக்கடையில் பில் போடும் வேலைக்கு ஆர்டர் வந்ததும் கம்பெனியை விட்டுவிட்டாள்.

அவளை இன்னும் கொஞ்சம் பரிதாபமாக எழுதலாமா என்று யோசித்தேன். புருஷன் குடித்துவிட்டு...

[வேண்டாம். அவள் புருஷன் குரு நல்லவன், ஒழுங்காக ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். வேலை கேட்க ஒரு பெண் எதற்கு அழுதுகாட்ட வேண்டும்?]

3

அவ்வளவு பெரிய கடைக்குத் தெரு ஒன்பது மீட்டர் அகலம் இருக்க வேண்டும். (விதிப் புத்தகத்தைப் புரட்டாதீர்கள். கதைக்காக நான் வைத்த எண்.) விதியைத் திட்டி ஒரு பக்கம் எழுதிக் கிழித்தேன். தீப்பிடித்தால் வண்டி உள்ளே வர வேண்டாமா? விதி சரிதான். அளவுதான் தப்பு.

நான் பி.இ. சிவில். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. கடைக்குப் பிளான் போட்ட இன்ஜினியர் ராமலிங்கத்திடம் வேலை. அனுமதி தரும் அதிகாரி இடம் பார்க்க வந்தது காலை ஏழு மணிக்கு. தெருவின் ஓரமாக நெசவாளர்கள் பாவு விரித்துக் கஞ்சி போட்டிருந்தார்கள். சேலைக்கான நீள நூல் அத்தனையும் ஈரத்தோடு இழுத்துக் கட்டியிருந்தது. எங்கள் ஊரில் யாரும் பாவைத் தாண்ட மாட்டோம், நடக்கப் பழகியதிலிருந்தே. அளவு நாடா என் கையில். கால் தானாக நின்றது. பாவு வரைக்கும் அளந்து, எட்டு அறுபது என்றேன். ஜீப்பில் உட்கார்ந்தபடியே அவர் எழுதிக்கொண்டார்.

பாவுக்கு அந்தப் பக்கம், சுவர் வரைக்கும், இன்னும் ஒரு மீட்டர் தெரு கிடந்தது.

4

அனுமதி மறுத்து வந்த கடிதத்தைத் துளசிக்கு நான்தான் படித்துக் காட்டினேன்.

"ரோடு இன்னா துணியாடி, தண்ணி பட்டா சுருங்கறதுக்கு?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். அளந்தது யார் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

[பொய். அப்படியே இருக்கட்டும், அடிக்கவில்லை.]

மேல்முறையீட்டுக்கு நாளை மாலை கடைசி. அளவு தப்பு என்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்று ராமலிங்கத்திடம் சொன்னேன். அவர் நிமிரவே இல்லை.

"எழுதிக் குடும்மா. நம்ம ஆபீஸே தப்பா அளந்துச்சுன்னு ஊரெல்லாம் தெரியட்டும். அப்டியே வேலையும் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டுப் போ."

5

முடிவு ஒன்று: எழுதிக் கொடுக்கிறேன். கடை வருகிறது. துளசி தொப்பி போட்டுக்கொண்டு கவுன்டரில் நிற்கிறாள். நான் வேலை தேடுகிறேன். என்னை நல்லவளாகக் காட்டுகிற முடிவு, அதனாலேயே நம்ப முடியவில்லை.

முடிவு இரண்டு: வாயை மூடிக்கொள்கிறேன். துளசி திரும்பக் கம்பெனி வாசலில் நிற்கிறாள். அங்கே அவள் இடத்தில் ஏற்கெனவே வேறொருத்தி. இதை எழுதக் கை வரவில்லை. செய்ய வந்துவிடுமோ என்றுதான் பயம்.

அதனால் நீங்கள் வாருங்கள். நாளைக் காலை ஏழு மணிக்கு, பாவு விரித்திருக்கும்போதே. ஒரு முனையை நான் பிடிக்கிறேன். நீங்கள் எதையும் தாண்ட வேண்டாம். குனிந்து, நூலில் படாமல், அடியில் நாடாவை விட்டால் போதும். அன்றைக்கே நான் விட்டிருக்கலாம். சுவரைத் தொட்டதும் அளவை உரக்கச் சொல்லுங்கள்.

துளசியையும் வரச் சொல்லியிருக்கிறேன்.