சின்னத் துரை பிடித்த பந்து

சுண்ணக் குன்றுகள் துலக்கிய பித்தளைக் குடங்கள்போல் மேலை வெயிலில் ஒளிர, கிந்தா ஆற்றின் ஈரக்காற்று புல்லைத் தடவிச் செல்ல, மலாயாவின் ஈப்போ நகரத் திடலைச் சூழ்ந்து ரப்பர்ப் பால்மரத் தோட்டத்து மக்களெல்லாம் மூச்சடக்கி நின்ற அந்த மாலையை, அறிவுசால் அன்பரே, சற்றே நெஞ்சில் நிறுத்துக! ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் ஆண்டு. தைப்பூசத்துக்கு முந்திய நாள். அயல்தோட்டத்தாரோடு ஆடும் கால்பந்தாட்டத்தில் தோற்காவிட்டால் நாளை விடுப்பு, தோற்றால் வழக்கம்போல் பால்வெட்டு, வேலைக்கு வராதோர் குடும்பத்தோடு வெளியேற வேண்டும் என்று தோட்ட மேலாளரான பெரிய துரை சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். இலக்கைக் காத்து நின்ற பால்வெட்டுத் தொழிலாளி உடையப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. காய்ச்சலில் சாகக் கிடந்து மீண்ட மகளுக்காக அவன் மனைவி வீரம்மா, ஈப்போவின் கல்லுமலைக் கோவில் முருகனுக்குத் தைப்பூசத்தன்று பாற்குடம் எடுப்பதாக நேர்ந்திருந்தாள்.

அவனுக்கு முன்னே தடுத்தாட நின்றவர் துணை மேலாளரான சின்னத் துரை ஆர்தர் மக்லீன். ஆத்திரேலியாவில் ஆட்டிடையர் குடியிற் பிறந்து, மெல்பேண் நகரில் அந்நாட்டுக்கே உரிய பந்தாட்டம் ஆடிப் பெயர் பெற்றவர். பிறர் தோள்மேல் எழும்பிப் பந்தை வானிலேயே கையாற் பற்றுவதுதான் அவ்வாட்டத்தின் திறம். அப்படிப் பற்றிப் பற்றியே ஊரார் வாயில் இடம்பிடித்து, பெரும்போரில் முழங்காலிற் குண்டு பாய்ந்து, ஆட்டமும் புகழும் ஒருசேர நீங்கிப் பிழைப்புத் தேடிப் பேராக் மாநிலத்துக்கு வந்தார். பந்தைக் கையால் தொடலாகாத ஆட்டத்தை இங்கேதான் கற்றார். கற்றது தலை, கைகளுக்கு யாரும் சொல்லவில்லை!

இரு பக்கமும் சமநிலை. ஆட்டம் முடியும் தறுவாயில் எதிரணியான் உதைத்த பந்து உயர்ந்தெழுந்து இலக்கை நோக்கி வந்தது.

"விடுங்க தொரை, நான் புடிக்கிறேன்!" என்று உடையப்பன் கத்தினான்.

சின்னத் துரையின் செவியில் அது ஏறவில்லை. பழுதுபட்ட முழங்காலை மறந்து, இருவர் தலைக்குமேல் எழும்பி, பந்தை இரு கையாலும் நெஞ்சோடு அணைத்து இறங்கினார். அடடா, எத்தனை அழகான பிடி! ஒரு நொடி அவர் முகம் இளைஞன் முகமாயிற்று. ஊதல் ஒலித்தது. குற்றத்துக்குத் தண்டமாக எதிரணியார்க்கு இலக்கெதிரே தனியுதை கிடைத்தது. உடையப்பன் வலப்புறம் பாய, பந்து இடப்புறம் புகுந்தது.

"என்ன தொரை, இப்புடிப் பண்ணிட்டீங்களே!" என்றான் அவன், தரையிலிருந்து எழாமலே.

சின்னத் துரை பெரிய துரையிடம் சென்று விடுப்புக்காக மன்றாடினார். சொன்னது சொன்னதுதான் என்று அவர் கைவிரித்துவிட்டார்.

மறுநாள் விடியலில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் வீரம்மா இல்லை.

"புள்ளையத் தூக்கிட்டுக் கல்லுமலைக்குப் போயிட்டா தொரை. சாமி காரியம். என்ன வேணா செஞ்சிக்குங்க" என்றான் உடையப்பன்.

சின்னத் துரை பால்வெட்டும் கத்தியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு, அவள் வெட்ட வேண்டிய மரவரிசைக்குள் நொண்டியபடி நுழைந்தார்.

"தொரை, ஒங்களுக்கு எதுக்கு இது? மரத்தக் காயப்படுத்திறாதீங்க லா!"

"பக்கத்துல நின்னு சொல்லிக் குடு, உடையப்பா."

குதிரையேறி வந்த பெரிய துரை, தம் இனத்தான் ஒருவன் கூலியாள்போல் குனிந்து வாளி சுமப்பதைக் கண்டு கொதித்தார். வேலை குறைவின்றி முடிந்திருந்தமையால் வீரம்மாவை வெளியேற்ற அவருக்கு வழியில்லை. சின்னத் துரையைத்தான் அவ்வாரமே வேலையிலிருந்து நீக்கி ஊருக்கு அனுப்பினார்.

மெல்பேணில் அவர் பிடித்த பந்துகளை இன்றும் எவரேனும் போற்றக்கூடும். நம் தோட்டத்தாரோ அவர் தோற்றுத் தந்த ஆட்டத்தைத்தான் சொல்வர், பாதி வைதும் பாதி கண்கலங்கியும். தவறாத மாந்தர் எவருமிலர், அன்பரே. தம் தவற்றின் சுமையை எளியோர் தலையில் இறக்கிவிடாமல், தாமே சுமந்துகொண்டு கப்பலேறிய ஒருவரை எண்ணுங்கால் நெஞ்சு கனக்கின்றது.