இறங்கிப் போகிற மலை

அமெரிக்காவிலிருந்து மகன் ஸ்ரீநாத் மெயிலில் அனுப்பிய வரைபடத்தை விளாங்குடி பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்து வந்த நாளிலிருந்து சீதாராமனைக் கையில் பிடிக்க முடியவில்லை. ஜூன் மாதம் அவரும் மனைவி கனகலட்சுமியும் மகனோடு அரிசோனாப் பாலைவனத்தில் ஒரு பெரிய பள்ளத்தாக்கில் நடக்கப் போகிறார்கள். செங்குத்தான பாதையில் மூன்று மைல் இறங்கினால் ஒரு பாறை மேடு; அங்கிருந்து ஆறு தெரியுமாம். திருப்பதிப் படியை எட்டுத் தடவை ஏறிய மனுஷன். டைரியில் திட்டம் எழுதினார்: போக மூன்று மணி நேரம், வர ஒன்றரை.

கனகலட்சுமி அதை இரண்டு தடவை படித்தாள்.

"என்னங்க, இது இறங்கிப் போற மலைல்ல? திரும்பும்போதுதான் ஏறணும். அதுவும் வெயில்ல."

நம் ஊரில் மலை என்றால் மேலே சாமி இருக்கும். தெம்பாக ஏறி, களைத்தபின் இறங்கிவிடலாம். சாமியே இல்லாத பள்ளத்துக்கு யார் திட்டம் போட்டுப் பழகியிருக்கிறார்கள்? சீதாராமனுக்குச் சுருக்கென்றது.

"இம்புட்டுத் தூரம் பிளேன் ஏறிப் போயி, பாதியில திரும்பவா?"

போன வருஷம் அவர் நெஞ்சுவலியோடு நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது மகனுக்குத் தெரியாது. சொல்லக்கூடாதென்று மனைவியிடம் சத்தியம் வாங்கியிருந்தார். மூச்சு வாங்கினால் நின்றுவிட வேண்டும் என்றார் டாக்டர். நிற்கிற ஆளா இவர்?

"சரி, ஒரு ஒத்திகை பாத்துருவோம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை திண்டுக்கல் போய், சிறுமலை பஸ் பிடித்து மலை உச்சியில் இறங்கினார்கள். தண்ணீர் பாட்டில்கள், உப்புப் போட்ட மோர், ஆளுக்கொரு தொப்பி. ஆறு கொண்டை ஊசி வளைவு நடந்து இறங்குவது, அதே ஆறு வளைவையும் திரும்ப ஏறுவது. முடியாவிட்டால் வருகிற பஸ்ஸுக்குக் கை காட்டலாம்.

இறங்கும்போது சீதாராமன் பாடிக்கொண்டே போனார். "பாத்தியா?" என்று வளைவுக்கு வளைவு கேட்டார்.

ஏறும்போது மூன்றாவது வளைவில் பாட்டு நின்றது. நான்காவதில் அவரே நின்றார். தடுப்புச்சுவரில் உட்கார்ந்தவரின் முகம் வெளிறியிருந்தது.

"வலிக்குதா?"

"வலியில்ல. மூச்சுதான்."

மோரைக் கொடுத்துவிட்டு, கீழிருந்து வந்த பஸ்ஸுக்கு அவள் கை காட்டினாள். அவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

சாயங்காலம் ஸ்ரீநாத் போன் செய்தான். கனகலட்சுமி பொய்யைத் தயாராக வைத்திருந்தாள். "எனக்கு முட்டிவலிப்பா. நான் மேலயே இருந்துக்கிறேன், அப்பாவும் துணைக்கு இருக்கட்டும்..."

சீதாராமன் ரிசீவரைப் பிடுங்கினார்.

"அம்மா முட்டிக்கு ஒண்ணுமில்லப்பா. எனக்குத்தான் போன வருஷம் நெஞ்சுவலி வந்துச்சு, ஒங்கிட்ட மறைச்சுட்டேன். நான் மேலயே உக்காந்திருக்கேன். விடியறதுக்கு முன்னாடி அம்மாவக் கூட்டிட்டுக் கெளம்பிரு. ஆத்தக் காட்டிட்டு, நிறுத்தி நிறுத்திக் கூட்டியா. இன்னைக்கு அவ எம்புட்டு லேசா ஏறுனா தெரியுமா?"

இத்தனை நாளும் கனகலட்சுமி அவர் உயிரைப் பற்றி நினைத்தாளே தவிர, அந்த ஆற்றைப் பார்க்கத் தனக்கு ஆசை இருக்கிறதா என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டதில்லை. இருந்தது. நிறையவே இருந்தது.