வேகத்தடை சாரின் இடது பக்கம்

அந்தப் பல்கலைக்கழகத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. வேகத்தடை சார் என்றால் வாசல் காவலாளி முதல் எல்லாரும் கை காட்டுவார்கள். சாலைப் பொறியியல் பேராசிரியர். வளாகத்துக்குள் எந்த வண்டியும் பறக்கக்கூடாது என்று நிர்வாகக் கூட்டம் ஒவ்வொன்றிலும் போய்ச் சண்டை போட்டு, விடுதி வாசலில், நூலகத்துக்கு முன்னால், உணவகத்துப் பக்கம் என்று சாலை நெடுக மேடு எழுப்பியவர் அவர்தான். சைக்கிளுக்கென்று ஓரமாகப் பச்சைச் சாயம் அடித்துத் தனிப் பாதை வாங்கிக் கொடுத்தவரும் அவரே. துணைவேந்தரின் காரே அந்த மேடுகளில் வயிறு உரசித்தான் போகும். ஏறி இறங்கும்போதெல்லாம் மாணவர்கள் அவரை நினைத்துக்கொள்வார்கள். வாழ்த்தித்தான் நினைத்தார்கள் என்று சொல்ல முடியாது.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கு இடது பக்கம் கண் தெரியாது. இந்த விஷயம் கண் டாக்டருக்கும் அவருக்கும் அவர் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும்.

மனைவிக்கு அதே வளாகத்து நூலகத்தில் வேலை. புத்தகம் கொடுத்து வாங்கும் மேசையில் உட்கார்ந்திருப்பாள். தினமும் இருவரும் ஒரே காரில்தான் வருவார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் டம்ளருக்கு வெளியே தண்ணீர் ஊற்றத் தொடங்கினார். இடது தோளைக் கதவு நிலையில் இடித்துக்கொண்டு, கதவைத் திட்டினார். இழுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் உட்காரவைத்தாள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றுவிட்டது, போன பார்வை போனதுதான், மிச்சத்தைச் சொட்டு மருந்து காப்பாற்றும், ஆனால் இனிமேல் கார் மட்டும் ஓட்டாதீர்கள் என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் மனிதர் சாவியை எடுத்தார், ஒன்றும் நடக்காத மாதிரி ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். டாக்டர்கள் அப்படித்தான் பயமுறுத்துவார்கள் என்றார். அப்போதே அவள் சொல்லியிருக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்த்தாள், வாய் வரவில்லை. ஏறி உட்கார்ந்துவிட்டாள். முதல் திருப்பத்திலேயே இடது பக்கம் ஒரு சைக்கிள் வந்தது. “அந்தப் பையன் சட்டையப் பாருங்க, என்ன கலரு இது,” என்றாள். அவர் பிரேக்கை மிதித்தார்.

அன்றிலிருந்து அதுதான் வழக்கமாயிற்று. ஒரு நாளும் அவள் பார்த்துப் போங்கள் என்றதில்லை, இடது பக்கம் என்று வாய்தவறிக்கூடச் சொன்னதில்லை. நம்ம கிளார்க் நடந்து போகிறார், இளைத்துவிட்டார் என்பாள். அந்தப் பெண்ணுக்கு என்ன நீளப் பின்னல் என்பாள். அவர் “ம்” என்பார், வண்டி மெதுவாகும். அவரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பது இதுதான், அதிலும் இரண்டு பேர் கூட்டுச் சேர்ந்து மறைத்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தங்கையும் தங்கை கணவரும் சாப்பிட வந்தார்கள். உங்கள் வளாகத்தில் இப்போதெல்லாம் போக்குவரத்து எப்படி என்று அந்த மனிதர் சும்மா கேட்டுவைத்தார். நம்மவருக்கு அன்றைக்கென்று உற்சாகம்.

“ரோட்டுல சத்தமே இல்ல. சத்தமெல்லாம் வண்டிக்குள்ளதான். இவ ஏறி உட்கார்ந்தா, எஞ்சின் நின்னாலும் வாய் நிக்காது.”

எல்லாரும் சிரித்தார்கள். கூடப் பிறந்தவள்தான் அதிகம் சிரித்தாள். மனைவியும் ஒப்புக்குச் சிரித்துவிட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். இந்த வாய் இல்லாவிட்டால் இந்த மனிதர் வீட்டு வாசலைத் தாண்டுவாரா? வேறு யார் சொல்லியிருந்தாலும் போகட்டும், எல்லாம் தெரிந்த இந்த மனிதரே சொல்லிவிட்டாரே. சரி, நாளைக்கு ஒரு சொல் வருகிறதா பார்க்கட்டும் என்று தீர்மானித்தாள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கு மட்டும் கூடவா இருக்கும்?

மறுநாள் காலை கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பொம்மை மாதிரி உட்கார்ந்தாள். அவர் வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினார். பல்கலைக்கழக வாசல் தாண்டியதும், என்ன, மௌன விரதமா என்று கேட்டுப் பார்த்தார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இடது பக்கம் ஏதாவது வருகிறதா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவள் கோபம் அங்கேயே உதிர்ந்திருக்கும். கேட்கவில்லை. வீம்புக்கு வீம்பு.

நூலகத்துக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும். அந்த இடத்தில் பச்சைப் பாதை சாலையைக் குறுக்கே வெட்டிப் போகும். காரை ஒட்டியே ஒரு பெண் சைக்கிளில் வந்துகொண்டிருந்தாள், தோளில் மஞ்சள் பை. மனைவி அவளைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். அரை மூச்சு நேரம், அவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஸ்டீயரிங் திரும்பிவிட்டது. “நிறுத்துங்க!” என்று அவள் அலறியதும், பிரேக்கும், மோதிய சத்தமும் ஒன்றாகவே கேட்டன.

நல்லவேளை, அந்தப் பெண் புல்வெளிப் பக்கமாக விழுந்திருந்தாள். முழங்கால் உரிந்து, கையில் ரத்தம். தானே எழுந்து நின்றாள். சைக்கிளின் முன்சக்கரம் காருக்கடியில் வளைந்து கிடந்தது. ஓடிவந்த காவலாளி முதலில் காரைப் பார்த்தார், பிறகு அந்தப் பெண்ணைத் திட்டினார். போயும் போயும் சார் வண்டியிலா வந்து விழுவாய் என்றார். யார் வண்டி என்று தெரிந்ததும் பெண்ணும் நடுங்கிப்போனாள்.

“சாரி சார். என் தப்புதான் சார். நான் கவனிச்சு வந்திருக்கணும்.”

வேகத்தடை சார் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. உதடு இரண்டு தரம் அசைந்தது. பிறகு, “பரவாயில்லம்மா,” என்றார்.

அந்த ஒரு வார்த்தை மனைவிக்குச் சுருக்கென்று தைத்தது. இந்தப் பெண் நொண்டிக்கொண்டே போய்விடுவாள், தன் தப்பு என்றே நம்புவாள். நாளைக் காலையில் இதே கார் கிளம்பும், நாமும் ஏறி உட்கார்ந்து சட்டைக் கலர் சொல்வோம் என்று நினைத்தாள். இறங்கிப் போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உன் தப்பு இல்லம்மா. நீ உன் பாதையிலதான் வந்த. சாருக்கு இடது பக்கம் கண்ணு தெரியாது. டாக்டர் ஓட்டாதீங்கன்னு சொல்லியும் ஓட்டினார். நானும் தெரிஞ்சேதான் பக்கத்துல உட்கார்ந்து வந்தேன். இன்னிக்கு உன்னப் பார்த்தும் வாயத் திறக்கல.”

அந்தப் பெண்ணுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அவர் மனைவியைப் பார்க்கவில்லை. சாவியை உருவிக் காவலாளியிடம் கொடுத்து, வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னார். பிறகு அந்தப் பெண்ணோடு பக்கத்திலிருந்த வளாகத்து மருத்துவமனைக்கு நடந்தே போனார். எப்படி அடிபட்டது என்று அங்கே கேட்டபோது, என் கண் கோளாறு, நான்தான் இடித்தேன் என்று அவரே சொன்னாராம். அந்தப் பெண்தான் பிற்பாடு நூலகத்துக்கு வந்து சொன்னாள்.

அன்று மாலை வீட்டில் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. நாலு பேர் நடுவே கட்டினவரைத் தலைகுனிய வைத்துவிட்டோமே என்று அவள் சமையலறையில் நின்று அழுதாள். சொன்னதற்காக வருந்தினாளா என்றால், இல்லை. இனி இந்த மனிதர் தன்னிடம் பேசவே மாட்டாரோ என்றுதான் அழுதாள்.

காலையில் தனியாக நடந்து போகலாம் என்று அவள் கிளம்பினால், அவர் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். ஒன்றாகவே நடந்தார்கள், பேச்சில்லாமல். பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே அவரே கேட்டு வாங்கிப் போட்ட வெள்ளைக் கோடுகள். அத்தனை வருடத்தில் அவர் அதை நடந்து தாண்டியதே இல்லை. விளிம்பில் நின்றார். ஒரு காலை எடுத்து வைத்தார், பின்னால் இழுத்துக்கொண்டார். இடது பக்கம் ஒரு பையன் சைக்கிளில் வந்துகொண்டிருந்தான். அவளுக்கு அந்தப் பையன் சட்டை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, அவர் சட்டைக் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள். இன்றைக்கும் தானாகச் சொன்னால் பழைய கதைதான்.

அவர் நேரே பார்த்தபடி நின்றார்.

“இடது பக்கம் என்ன வருது?”

இரண்டு வருடத்தில் முதல் தடவையாகக் கேட்டார். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“ஒரு சைக்கிள் வருது. கொஞ்சம் நில்லுங்க.”

நின்றார். சைக்கிள் மணியடித்துக்கொண்டு கடந்து போனது.

“சட்டை என்ன கலரு?” என்று கேட்டார்.

“நீலம்,” என்றாள். அவர் இடது கையைப் பிடித்துக்கொண்டு சாலையில் இறங்கினாள்.