மறுமுனையைப் பிடித்தவன்

விடியுமுன்பே எங்கள் சலவைக்கூடத்தில் கொதிகலன் சீறத் தொடங்கிவிடும். சலவைச் சோடாத் தண்ணீரில் வெந்த ஆஸ்பத்திரிப் போர்வையைக் கழியால் தூக்கி எடுத்து, ஒரு முனையை நானும் மறுமுனையை நெட்டையனும் பிடித்து முறுக்குவோம். விரல் இடுக்கெல்லாம் புண். பிழியும் எந்திரம் கெட்டு வெகுநாளாயிற்று. ஆள் கை மலிவாகக் கிடைக்கும்போது முதலாளிக்கு எந்திரம் எதற்கு?

விடுதிகள் வரிசையாக மூடிவிட்டன. சலவைக்கு வரும் துணி குறைந்தது, கூலி பாதியானது. காரணத்தைப் பத்திரிகை கொட்டை எழுத்தில் போட்டது: நம் சோற்றைத் தின்பவர்கள் அக்கரையார். அதாவது நெட்டையனின் சனம், பாட்டன் காலத்தில் ஆற்றைக் கடந்து வந்தவர்கள். மந்திரியும் வானொலியில் அதையே ஓதினார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ஒரு நாள் இரவு அவர்கள் தெருவில் நாலு வீட்டுக் கதவுகளை யாரோ உடைத்திருந்தார்கள்.

"பேப்பர்ல பொய்யா போடுவான்?" என்றான் கொதிகலன்காரன், மறுநாள் காலை வேலைக்கு நடுவே.

துணி அலசும் பெரியக்கா சீறினாள். "விடுதியை மூடுனது நெட்டையனாடா? அவன் வீட்ல இருக்கறதே ஒரு போர்வை, அதுவும் கிழிசல்!"

அப்போது முதலாளி உள்ளே வந்தார். "அக்கரை ஆளுங்க இன்னையோட நின்னுக்கங்க. மத்தவங்க நல்லதுக்குத்தான்பா சொல்றேன்."

"அவங்க போனா எங்க கூலி பழையபடி வருமா?" கேட்டது கொதிகலன்காரன்தான்.

"அதெப்படிப்பா? காலம் சரியில்லையே."

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுததாம்" என்றாள் பெரியக்கா.

முதலாளி முகம் கறுத்தது. "டேய் நெட்டை, துணியை விட்டுட்டு வெளிய போ! கேட்டுல ஆளுங்க காத்திருக்காங்க. அப்புறம் நான் பொறுப்பில்ல."

எங்கள் கையில் போர்வை முழு முறுக்கில் இருந்தது. அந்த நிலையில் ஒருவன் சட்டென்று விட்டால் மற்றவன் மணிக்கட்டு பிசகிவிடும். அதனால் மறுமுனையில் இருப்பவன் சொல்லாமல் யாரும் விடுவதில்லை. வெளியே இரைச்சல் கேட்டது. நெட்டையன் வாசல் பக்கம் பார்த்தான். அவன் வீட்டில் பச்சைக் குழந்தை.

"சொல்லு மச்சான், விட்டுடறேன்."

எனக்கும் பயம்தான். ஆனாலும், "விடாத, பிடி" என்றேன்.

கொதிகலன்காரன் நெருப்பை விட்டு எழுந்தான். நீராவிக் குழாயைத் திருகி அடைத்தான். சீறல் நின்றது. அலசும் பெண்கள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்கள்.

"வேலையைப் பாருங்க!" என்று கத்தினார் முதலாளி.

"அவனை வீட்ல விட்டுட்டு வந்து பேசிக்கறோம்" என்றாள் பெரியக்கா.

போர்வையை நானும் அவனும் ஒன்றாகவே இறக்கினோம். நெட்டையனையும் மற்ற அக்கரை ஆட்களையும் நடுவில் விட்டுச் சூழ்ந்துகொண்டோம். கேட்டுக்கு வெளியே அடிக்க வந்தவர்கள் கல்லும் கழியுமாக நின்றார்கள். எங்களைவிட அதிகம் பேர். தாழ்ப்பாளை நாங்களே நீக்கினோம். முதலில் வெளியே கால் வைத்தவன் கொதிகலன்காரன்.